பாதை திறந்திருக்கிறதா?

சமவெளியில் இருவர் வழியில் சந்தித்துக் கொண்டால், "என்ன விசேஷம்?" என்று கேட்பது வழக்கம். நீலகிரியில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மாதங்களில், முதலில் பிறக்கும் கேள்வி அதுவன்று. "பாதை திறந்திருக்கிறதா?" என்பதே எங்கள் குசல விசாரிப்பு. உடல்நலத்தைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான்.

வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். உலகத்தில் எத்தனையோ பெரிய செய்திகள் நடந்து கொண்டிருக்க, ஒரு சாலையைப் பற்றியா இவ்வளவு கவலை என்பார்கள். நானும் இளைஞனாக இம்மலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். செய்தி என்றால் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வருவது என்பது அன்று என் எண்ணம். வீட்டு வாசலில் நிற்கும் செய்திதான் மனிதனை முதலில் வாழவைக்கிறது, அல்லது வீழ்த்துகிறது என்பதை இம்மலை எனக்கு மெல்ல மெல்லக் கற்பித்தது. அந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்ட கதையையே இன்று நேயர்களுடன் பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

மலையும் ஒரு வகையில் தீவுதான். கிரேக்க நாட்டைச் சேர்ந்த சிறு தீவுகளைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்தேன். அங்கே காற்று அளவுக்கு மிஞ்சி வீசினால் துறைமுக அதிகாரிகள் கப்பல் புறப்படுவதைத் தடுத்து விடுவார்களாம். கப்பல் வராவிட்டால் காய்கறி வராது, மருந்து வராது, நோயாளி பெரிய ஊருக்குப் போக முடியாது. ஆகவே அத்தீவினர் காலையில் எழுந்தவுடன் கேட்பது காற்றையும் கப்பலையும் பற்றித்தான். அந்நாட்டில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. இரவில் எந்த மருந்துக் கடை திறந்திருக்கும் என்பதை எல்லா மருந்துக் கடைகளின் கதவிலும் எழுதி ஒட்டி வைப்பார்கள். மூடிய கடையின் கதவே திறந்த கடைக்கு வழிகாட்டுகிறது! எவ்வளவு எளிய ஏற்பாடு, ஆனால் எத்தனை உயிர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்!

எங்கள் மலைக்குக் கப்பல் இல்லை. ஐந்து சாலைகளும் ஒரு ரயில் பாதையும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறுவது ஒரு சாலை. அதே மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுவது மற்றொன்று. காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு வருவது மூன்றாவது. கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக உதகைக்கு வருவது நான்காவது. தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வந்து, கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி உதகையை அடைவது ஐந்தாவது. மைசூரிலிருந்து வருபவர்களுக்கு மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. பந்திப்பூர்க் காட்டின் வழியாக 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை, ஒரு சில பேருந்துகளையும் ஆம்புலன்சையும் தவிர, வண்டிகள் போவதில்லை. அந்த நேரம் யானைக்கும் மானுக்கும் உரியது.

ரயில் பாதை 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் செங்குத்தாக இருப்பதால், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக் கொண்டுதான் வண்டி ஏறுகிறது. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அதற்கு இடம் கிடைத்தது. இத்தனை பெருமை இருந்தும், வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால், கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு பாறை உருண்டு தண்டவாளத்தின்மேல் வந்து உட்கார்ந்து கொள்ளும். அன்று ரயில் ரத்து. பாறைக்குப் பாரம்பரியம் தெரியுமா?

நான் 1977இல் ஆரம்பப் பள்ளி ஆசிரியனாக இங்கே வந்தேன். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே, பெரிய சாலையிலிருந்து இரண்டு கல் தொலைவு உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர் அது. மேட்டில் படுகர் ஹட்டி ஒன்று. பள்ளத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவே எங்கள் பள்ளிக்கூடம். அதன் எதிரே பசுந்தேயிலையை எடை போட்டு வாங்கும் கொட்டகை. காலை நேரத்தில் ஊர் முழுவதும் அந்தக் கொட்டகையைக் கடந்துதான் போகவேண்டும்.

மறு ஆண்டு, 1978 நவம்பரில், பெருமழை பெய்தது. நீலகிரியின் பல பகுதிகளில் மண் சரிந்து பலர் மாண்டனர். எங்கள் ஊருக்கு நாலு நாள் பேருந்து வரவில்லை, தபால் வரவில்லை, செய்தித்தாள் வரவில்லை. அரிசி தீர்ந்து போகிறவர்கள் ஒருபுறம். உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவிப்பவர்கள் ஒருபுறம். ஒருவர் வந்து, "குன்னூரே போய்விட்டதாம்" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் ஒன்றுமில்லை, நாளைக்குப் பேருந்து வரும்" என்பார். இரண்டும் பொய். அந்த நாலு நாளில் பசியைவிடப் பெரிய துன்பமாக இருந்தது தெரியாமைதான்.

ஐந்தாம் நாள் பள்ளியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கரும்பலகை ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கினேன். ஒரு கால் உடைந்திருந்தது. அதைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அன்று நடந்தே கோத்தகிரி வரை போய்த் திரும்பியிருந்த இளைஞர் ஒருவர் சொன்னவற்றை அதில் எழுதினேன். எந்த இடத்தில் மண் சரிந்திருக்கிறது, எது வரை ஜீப் போகிறது, எந்தக் கடையில் அரிசி இருக்கிறது என்று மூன்றே வரி. அரை மணி நேரத்தில் ஊரே அதன் முன்னால் கூடிவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்கு என் மாணவர்கள் படித்துக் காட்டினார்கள். அன்று தொடங்கிய அந்தப் பலகை, நடுவில் இருமுறை மாற்றப்பட்டாலும், இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

அந்தப் பலகையில் நான் என்னென்ன எழுதினேன் என்று கேட்டால், உலகச் சரித்திரத்தில் இடம்பெறக்கூடியது ஒன்றுகூட இல்லை. பாதை, மழை, இலை விலை, பனி, விலங்கு, இவற்றோடு சில்லறைச் செய்திகள்: 'நாளை மின்சாரம் இராது', 'நியாய விலைக் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது', 'வெள்ளை நெற்றியுள்ள செவலைக் கன்று காணவில்லை', 'கண் மருத்துவர் ஞாயிறன்று வருகிறார்'. காணாமற்போன கன்று கிடைத்த நாளில் உடையவர் எனக்கு ஒரு படி பால் கொண்டுவந்து கொடுத்தார். எந்தப் பத்திரிகை ஆசிரியருக்காவது இத்தகைய சன்மானம் கிடைத்திருக்குமா?

இவற்றுள் மழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியூரார் 'நீலகிரியில் மழை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இம்மலைக்கு இரண்டு முகம் உண்டு. மேற்கு முகமாகிய கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, மேல்பவானிப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்யும். கிழக்கு முகமாகிய குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆகவே ஆகஸ்டில் கூடலூருக்குப் போகிறவர் கோத்தகிரி வானத்தைப் பார்த்துப் புறப்படக் கூடாது. நவம்பரில் குன்னூருக்கு வருகிறவர் கூடலூர் வெயிலை நம்பக் கூடாது.

அந்த மழையின் அளவு எப்படிப்பட்டது? சென்னை நகருக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 2009 நவம்பரில் குன்னூருக்கு அருகேயுள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையின் ஆறு மாத மழைக்கும் மேற்பட்ட நீர் ஒரே பகல் ஓர் இரவில் ஒரு மலைச் சரிவின்மேல் கொட்டினால் அந்த மண் என்ன ஆகும்? எங்கள் மலையின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன்மேல், பல்லாயிரம் ஆண்டுகளாக நொறுங்கி மண்ணாகிப்போன பழம்பாறை பல அடி ஆழத்துக்குப் போர்வைபோல் கிடக்கிறது. மழைநீர் அந்தப் போர்வைக்குள் இறங்கி, கீழே பாறையில் இறங்க வழியின்றித் தேங்குகிறது. நனைந்த மண்ணின் பாரம் கூடுகிறது. மண்ணுக்கும் பாறைக்கும் இருந்த பிடிப்பு தளர்கிறது. சரிவின் அடிவாரத்தை வீட்டுக்காகவோ சாலைக்காகவோ செங்குத்தாக வெட்டி வைத்திருந்தால், போர்வை முழுவதும் நழுவுகிறது. 1993 நவம்பரில் குன்னூர்ச் சாலையில் மரப்பாலத்தருகே நடந்த கொடிய சரிவை இப்பகுதியில் முதியோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி பனி. மழை ஓய்ந்து டிசம்பர் பிறந்தால் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. பகலில் வெயில் சுள்ளென்று அடித்து, இரவில் மேகமில்லாமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்தால், அன்றிரவு உறைபனி விழும் என்று எதிர்பார்க்கலாம். மேகம் பூமிக்குக் கம்பளி போன்றது. அது இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. நீர்போலப் பள்ளத்துக்கு வழிந்து அங்கே தங்குகிறது. ஆகையால் உதகைப் பக்கத்தில் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளை விரித்தாற்போல் இருக்கும்போது, மேட்டிலுள்ள தோட்டம் பச்சையாகவே நிற்கும். காலையில் சுற்றுலாப் பிரயாணிகள் அதைப் படம் பிடித்து மகிழ்கிறார்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்டவனுக்கோ தேயிலைக் கொழுந்து கருகியவனுக்கோ அது மகிழ்ச்சி தரும் காட்சியன்று. 'இன்றிரவு பனி விழலாம். நாற்றுகளைப் பெரணித் தழையால் மூடுங்கள். தண்ணீர் உள்ளவர்கள் செடிக்குத் தெளித்து வையுங்கள்' என்று பலகையில் எழுதுவேன். அந்த ஒரு வரியால் ஒரு நாற்றங்கால் பிழைத்தால் போதும் என்பது என் கணக்கு.

இலை விலையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் மலையில் பெருந்தோட்டங்கள் ஒருபுறமிருக்க, அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பல்லாயிரவர். அவர்கள் கொழுந்தைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றின் இணைப்பு நிறுவனமாகிய இண்ட்கோசர்வ் 1965இல் அமைந்தது. தனியார் தொழிற்சாலைகளும் உண்டு. குன்னூர் ஏலத்தில் தேயிலைத் தூள் போகும் விலையை ஒட்டியே பசுந்தேயிலையின் விலை அமைகிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் சராசரி விலை ஒன்றை அறிவிக்கிறது. ஆனால் கொழுந்து பறிக்கும் பாட்டிக்கு இது எப்படித் தெரியும்? கிலோவுக்கு ஒரு ரூபாய் வேறுபாடு என்றால் நமக்கு அற்பமாகத் தோன்றும். மாதம் 400 கிலோ இலை கொடுக்கிற குடும்பத்துக்கு அது 400 ரூபாய். ஒரு பிள்ளையின் பள்ளிச் சீருடை. அறிவிக்கப்பட்ட விலையைப் பலகையில் எழுதத் தொடங்கிய பிறகு, எங்கள் ஊரில் இலை வாங்க வந்த தரகர்கள் சிலருக்கு என்மேல் சற்று மனத்தாங்கல். "வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். "இதுவும் கணக்குப் பாடந்தான்" என்றேன்.

இப்படி முப்பது ஆண்டுகள் எழுதினேன். ஊரார் புகழ்ந்தார்கள். "பலகையில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லக் கேட்டபோதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் வளர்ந்தது. அந்தக் கர்வத்துக்கு நான் கொடுத்த விலையை, இல்லை, என் பொருட்டு வேறொருவர் கொடுத்த விலையை, இனிச் சொல்ல வேண்டும்.

2009 நவம்பர் 9ஆம் தேதி. சில நாளாகவே விடாத மழை. அன்று பிற்பகல் 2 மணிக்குக் குன்னூரிலிருந்து வந்த பேருந்தின் நடத்துநர், "ரோடு சரியாக இருக்கிறது, சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அப்போது உண்மையே. நான் மாலை 5 மணிக்குப் பலகையில், 'குன்னூர்ப் பாதை திறந்திருக்கிறது' என்று எழுதினேன். பெரிய எழுத்தில், அழகாக எழுதினேன். நேரத்தை எழுதவில்லை. யார் சொன்னார் என்று எழுதவில்லை. பிறகு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டேன்.

அன்றிரவு, பள்ளத்துக் குடியிருப்பில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. தலைப்பிரசவம். அவள் கணவர் ஜீப் ஒன்றை அமர்த்திக் கொண்டு வந்தார். கோத்தகிரிக்கும் போகலாம், குன்னூருக்கும் போகலாம். கோத்தகிரி அருகில் இருந்தது. குன்னூர் ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு முன்பே பரிசோதனை நடந்திருந்தது. இரண்டில் எங்கே போவது என்று தயங்கியவர், கொட்டகையருகே ஜீப்பை நிறுத்தி, டார்ச் விளக்கை அடித்துப் பலகையைப் பார்த்தார். 'குன்னூர்ப் பாதை திறந்திருக்கிறது.' ஜீப் குன்னூர்ப் பக்கம் திரும்பியது. அப்போது இரவு 10 மணி. என் செய்திக்கு வயது எட்டு மணி நேரம்.

மூன்று கல் போனதும் முன்னால் மண் மேடாகக் கிடந்தது. திருப்பினார்கள். திரும்பி வருவதற்குள் பின்னாலும் சரிந்துவிட்டது. இரண்டு சரிவுகளுக்கு நடுவே, கொட்டும் மழையில், விடியும் வரை அந்த ஜீப் நின்றது. கைப்பேசியில் எவரையும் அழைக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து இரண்டு பெண்கள் விளக்கோடு வந்து தம்மால் ஆனதைச் செய்தார்கள். காலையில் ஆண்கள் சிலர் போர்வையைக் கம்புகளில் கட்டித் தாயைத் தூக்கிக் கொண்டு, மண்மேட்டைக் கடந்து கோத்தகிரிக்குக் கொண்டு சேர்த்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அந்தப் பெருமழையில் நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தக் கணக்கில் எங்கள் ஊர்க் குழந்தை சேரவில்லை. அது பிறந்ததாகவே எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து அந்தக் கணவர் என் வீட்டுக்கு வந்தார். என் பழைய மாணவர்தாம் அவர். என்ன சொல்லித் திட்டினாலும் கேட்டுக் கொள்ள வேண்டும் என்று நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டவில்லை. நின்றபடியே ஒன்று கேட்டார்.

"ஐயா, பாதை திறந்திருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அந்தச் சேதி எத்தனை மணிக்கு வந்தது?"

"மத்தியானம் இரண்டு மணிக்கு."

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அது தெரிஞ்சிருந்தா நான் கோத்தகிரிக்கே போயிருப்பேன், ஐயா" என்றார். அவ்வளவுதான். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேயர்களே, கோபத்தோடு சொல்லியிருந்தால் காலம் அதை ஆற்றியிருக்கும். அவர் சொன்னது கணக்கு. நான் கற்றுக் கொடுத்த கணக்கு. நான் பொய் எழுதவில்லை. பழைய மெய்யை எழுதினேன். மலையில் பழைய மெய் பொய்யைவிட அபாயமானது. பொய்யென்றால் நாலு பேர் சந்தேகிப்பார்கள். மெய்யென்று பெயர் எடுத்த பலகையை யார் சந்தேகிப்பார்?

ஒரு வாரம் பலகையைத் தொடவில்லை. இனி எழுதுவதே வேண்டாம் என்று இருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "எழுதாமல் விட்டால் 1978 போல ஆகிவிடும், மாஸ்டர், எழுதுகிற விதத்தை மாற்றுங்கள்" என்றார். அவர் சொல்லே எனக்கு வழி காட்டியது. அன்று முதல் ஒவ்வொரு வரிக்கும் மூன்று விவரம் சேர்க்கிறேன். யார் சொன்னார்? எந்த இடத்தைப் பார்த்துச் சொன்னார்? எத்தனை மணிக்குச் சொன்னார்? 'குன்னூர்ப் பாதை: பேருந்து நடத்துநர் நேரில் வந்த வழி: பிற்பகல் 2 மணி' என்று இருந்தால், இரவு 10 மணிக்குப் படிப்பவர் தாமே முடிவு செய்து கொள்வார். மாலையில் புதிய செய்தி வராவிட்டால், 'இதன் பிறகு தகவல் இல்லை' என்றும் எழுதிவிடுகிறேன். தெரியாது என்று எழுதுவதற்கு எனக்கு முப்பது ஆண்டும் ஒரு சிசுவின் உயிரும் வேண்டியிருந்தன.

இன்று பலகைக்கு என்ன தேவை, எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். கைப்பேசியில் செய்தி விரைவாக வருகிறது, உண்மை. ஆனால் மழை வலுத்தால், போன ஆண்டுச் சரிவின் படம் இந்த ஆண்டுப் படமாக வந்து நிற்கிறது. எந்த ஊர்ச் சாலை, எந்த நாள் படம் என்று யாரும் கேட்பதில்லை, அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் ஒரு பலகையில் செய்த தவற்றை இன்று ஒவ்வொருவரும் ஆயிரம் பலகையில் செய்ய முடிகிறது. ஆகவே என் மூன்று கேள்விகளைக் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கும் காணிக்கையாக்குகிறேன்.

மலைவாழ் நேயர்களுக்கு இன்னும் சில குறிப்புகள் சொல்ல வேண்டும். வீட்டுக்கு மேலுள்ள சரிவில் புதிதாக வெடிப்புக் கண்டாலும், மரமோ மின்கம்பமோ சாய்ந்து வந்தாலும், தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கினாலும், ஊற்றே இல்லாத இடத்தில் நீர் கசிந்தாலும், நேற்று வரை எளிதில் சாத்திய கதவு இன்று சட்டத்தில் இறுகினாலும், மலை நகரத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள். பொருளை எடுக்க நிற்காமல் வெளியேறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077; ஆம்புலன்சுக்கு 108. இந்த இரண்டு எண்களையும் கைப்பேசியில் மட்டுமன்றிச் சுவரிலும் எழுதி வையுங்கள். மாவட்டத்தில் அபாயமான பகுதிகள் என 283 இடங்களை நிர்வாகம் அடையாளம் கண்டிருக்கிறது; தம் ஊர் அவற்றுள் ஒன்றா என்று மழைக்கு முன்பே கேட்டறிந்து கொள்வது நல்லது. வீட்டின் மேற்புறத்து வடிகாலை ஐப்பசிக்கு முன்னரே தூர் வாருங்கள்.

காட்டெருமை சாலையில் நின்றால் ஒலிப்பானை அழுத்தாதீர்கள். விளக்கைத் தணித்துக் காத்திருங்கள். அதற்கு அவசரமில்லை, நமக்குத்தான் அவசரம். எஞ்சிய சோற்றை வாசலில் கொட்டாதீர்கள். கரடிக்கு எண்ணெயும் வெல்லமும் இருக்கும் இடம் நம்மைவிட நன்றாகத் தெரியும். வெளியூர் உறவினர் சொந்தக் காரில் கலியாணத்துக்கு வருவதாயிருந்தால், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் விதிகளை முன்கூட்டியே விசாரித்துச் சொல்லிவிடுங்கள். 2025 கோடையில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பே வைத்தார்கள். கலியாண வீட்டுக்காரர் சோதனைச் சாவடியில் நிற்கும்படி ஆகக் கூடாதல்லவா?

பணியிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. சுண்ணக்கட்டியை உயரத்தில் பிடித்தால் கை நடுங்குகிறது. சில ஆண்டுகளாகப் பலகையில் எழுதுவது பள்ளிப் பிள்ளைகள்தாம். நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன். இவ்வாண்டு எழுதுகிறவள் பள்ளத்துக் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு சிறுமி. அந்தக் கணவருக்கும் மனைவிக்கும் 2013இல் பிறந்தவள். அவளை அனுப்பி வைத்தவர் அவள் தகப்பனார்தாம். காரணம் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் அவள், 'கோத்தகிரிப் பாதை திறந்திருக்கிறது' என்று எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கப் போனாள். நான் வாய் திறப்பதற்குள் தானே நின்று, என் பக்கம் திரும்பி, "மணி என்ன, ஐயா?" என்று கேட்டாள்.

காலை 7 மணி 20 நிமிஷம். அதையும் எழுதினாள்.